நமுத்த தீப்பெட்டியும் கார்த்திகை மழையும்

முதல் நாள், சனி

விழுப்புரத்தில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. நடைமேடையில் டீ விற்றவர் பிளாஸ்டிக் பையைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டியிருந்தார். "கடலூரா? அங்க நேத்துலேர்ந்து விடல" என்றார். விடாதது எது என்று நான் கேட்கவில்லை. 'பிடிச்சிக்கிச்சு', 'விடல', 'வலுக்குது', 'வெளிவாங்கிடுச்சு' என்று இந்தப் பக்கத்து ஆட்கள் கார்த்திகை மாதத்தில் எதைச் சொன்னாலும் எழுவாய் மழைதான்.

என் பையில் சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ, தீப்பெட்டி இரண்டு பண்டல், ஒரு குடை. முதல் இரண்டும் இந்த ஊர் ஈரத்துக்கு ஆகாதவை. மூன்றாவது, சாத்தூர் வெயிலுக்கு மட்டுமே விரிந்து பழகியது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் வருஷா வருஷம் அடைமழையில் இங்கே வந்து நிற்கிறேன் என்பது புரியாது. கரிசல் காடு. தீப்பெட்டியும் பட்டாசும் அங்கே வந்து உட்கார்ந்ததற்கு ஒரு பெரிய காரணம் காய்ந்த காற்று. அம்மா முப்பது வருஷம் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கினாள், பெட்டி ஒட்டினாள். வானம் மூட்டம் போட்டால் மருந்து முக்கிய குச்சி காயாது, வேலை நிற்கும், அந்த வாரக் கூலி குறையும். ஆனால் அதே தெருவில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே தெருவில் பாதி வீடு மழை வேண்டும் என்று சாமி கும்பிடும், பாதி வீடு வேண்டாம் என்று கும்பிடும். சாமி பெரும்பாலும் எங்கள் பக்கம்தான் இருந்தது.

அக்கா 2010-ல் கல்யாணமாகி, கடலூருக்குப் பக்கத்தில் தென்பெண்ணைக் கரையை ஒட்டிய கிராமத்துக்கு வந்தாள். முதல் முறை அவளைப் பார்க்க வந்தது ஒரு கார்த்திகையில். அதிலிருந்து வேறு மாதத்தில் வரப் பிடிப்பதில்லை. "தையில வந்தா வெயிலும் இதமா இருக்கும், ஊரும் பாக்க லட்சணமா இருக்கும், நீ என்னடி பேய் மழையில வர்ற" என்று அவள் கேட்காத வருஷம் இல்லை.

பஸ் பண்ருட்டி தாண்டி நெல்லிக்குப்பம் வழியாகப் போனது. ஜன்னல் ஷட்டர் முழுசாக மூடவில்லை, இடது தோள் நனைந்துகொண்டே வந்தது. கரும்பு ஒரு பச்சை, வெற்றிலைக் கொடிக்கால் ஒரு பச்சை, சம்பா நடவு பிடித்து நிற்கும் வயல் வேறொரு பச்சை. இவை விதைத்து வந்தவை. விதைக்காமல் வந்ததுதான் எனக்கு வேடிக்கை. ஒரு நிழற்குடையின் சிமெண்ட் கூரையில் முழங்கால் உயரத்துக்கு அரசங்கன்று. ஓரமாகப் போட்ட பழைய ஸ்கூட்டர் ஒன்றைக் கோவைக்கொடி சக்கரத்திலிருந்து கைப்பிடி வரை சுற்றி, ஸ்பீடாமீட்டருக்கு மேலே ஒரு சிவந்த பழத்தை வைத்திருந்தது. எங்கள் ஊரில் அதே ஸ்கூட்டர் பத்து வருஷம் நின்றாலும் துருதான் ஏறும்.

பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் இன்னும் அடர்த்தியாக இருக்கும் என்று மாமா சொல்வார். (எங்கள் ஊரில் அக்கா கணவர் அத்தான். இங்கே மாமா. மூன்று வருஷம் அத்தான் என்று கூப்பிட்டுவிட்டு, ஊரார் சிரிப்பதைப் பார்த்து மாற்றிக்கொண்டேன்.) அவர் சொல்வது 2011-க்கு முந்திய பண்ருட்டியை. அந்த வருஷம் டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு போயின. அக்கா அப்போது புதுப்பெண்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா பையைப் பிடுங்கி, தீப்பெட்டிப் பண்டலைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை விட்டுப் புதைத்தாள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முன்பு ஒரு வருஷம் அலமாரியில் வைத்த பெட்டிகளில் குச்சியை உரசினால் மருந்து களிமண் மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. சாத்தூர்க்காரிக்கு அதைப் பார்ப்பது, பெற்ற பிள்ளை தேர்வில் தோற்றதைப் பார்ப்பது போல.

காராச்சேவைப் பிள்ளைகள் அன்றைக்கே முடித்துவிட்டார்கள். அதுதான் இங்கே சரியான சேமிப்பு.

குளிக்கக் கொல்லைக்குப் போனேன். கிணற்றில் ராட்டினம் இருக்கிறது, கயிறு இருக்கிறது, இரண்டும் இந்த மாதத்தில் தேவையில்லை. குனிந்து சொம்பால் மொண்டேன். தண்ணீர் என் கைக்கு எட்டும் தூரத்தில், மேலே இரண்டு வேப்பிலையும் ஒரு தேரைக்குஞ்சும் மிதக்க நின்றது. எங்கள் வீட்டுக் கிணற்றில் கல்லைப் போட்டால் சத்தம் வருவதற்குள் ஒரு கொட்டாவி விட்டுவிடலாம். நான் சொம்பும் கையுமாக நின்றதைப் பக்கத்து வீட்டு ஆயா வேலி வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா சாத்தூர்க்காரி, மழைய பாக்க வந்துட்டியா? பாரு பாரு, நல்லா பாரு" என்றது. அந்தக் குரலில் இருந்தது வரவேற்பா கேலியா என்று பதினைந்து வருஷமாக எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் நாள், ஞாயிறு

புதுச்சேரி. மழையில் போகாதே என்று அக்கா, போகட்டும் விடு என்று மாமா. அக்கா பிள்ளைகளில் பெரியவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

தென்பெண்ணைப் பாலம் தாண்டினால் கன்னியக்கோயில், அங்கிருந்து வரிசையாகப் புதுச்சேரி மதுக்கடைகள். சுண்ணாம்பாற்றில் சுற்றுலாப் படகுகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டு, ஆள் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மட்டும் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நடந்தது. தார்ப்பாயில் தேங்கும் தண்ணீரைக் கடைக்காரர்கள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை குச்சியால் குத்தித் தள்ளுகிறார்கள், அது பக்கத்துக் கடையின் தார்ப்பாயில் விழுகிறது, அவர் தள்ளுகிறார். இப்படியே தெருக்கோடி வரை.

கடற்கரைச் சாலையில் பெங்களூரிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு குடும்பம், காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடல் ஆற்று வண்டலில் பழுப்பாக இருந்தது. அந்த அம்மாள், "படத்துல நீலமா இருந்துச்சே" என்று என்னிடம் கேட்டார், நான் மாற்றியது போல. 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் வரைக்கும் மூடுமழையில் மங்கலாகத் தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இந்த நகரத்தின் மஞ்சள் சுவர்களை எல்லாரும் வெயிலில் படம் எடுக்கிறார்கள். மழையில் அந்த மஞ்சள், மஞ்சள்கிழங்கை நனைத்த மாதிரி ஆழ்ந்துவிடுகிறது, அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பாசி பிடித்து. எனக்கு இதுதான் பிடிக்கிறது. பெரியவளுக்குப் பிடிக்கவில்லை, செருப்பு அறுந்துவிட்டது.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் படியில் ஒதுங்கினோம். கதை அவளுக்குத் தெரியவில்லை, சொன்னேன். விளக்குகள் சுடர்விட்ட ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்து ஓர் அரசன் கைகூப்பிவிட்டான். அது தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னான். ஆயி அவகாசம் கேட்டு, தானே தன் வீட்டை இடித்து, அந்த இடத்தில் குளம் வெட்டினாள். பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அவள் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது. புதுச்சேரி அரசின் முத்திரையில் இருப்பதும் இதுதான்.

"இவ்ளோ மழை பெய்யுற ஊர்ல தண்ணிக்கு எதுக்குச் சித்தி குளம்?" என்றாள். நல்ல கேள்வி. இங்கே பெய்வது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மொத்தமாகப் பெய்துவிடும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில். தென்மேற்குப் பருவமழையை மலைத்தொடர் மறித்துக்கொள்கிறது; காற்று திரும்பி வங்கக் கடல் மேல் வந்தால்தான் இந்தக் கரைக்கு ஆதாயம். அதைப் பிடித்து வைக்காவிட்டால் சித்திரையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள்.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் ரெயின்போ நகர்ப் பக்கம் வர மாட்டேன் என்றார். வானவில் பெயர் வைத்த நகர்தான் புதுச்சேரியில் மழைக்கு முதலில் முழுகும் இடங்களில் ஒன்று. 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் பெய்தது 46 செ.மீட்டரைத் தாண்டியது. எங்கள் ஊருக்கு அது அரை வருஷத்து மழை.

மூன்றாம் நாள், திங்கள்

ஆறு மணிக்கே பிள்ளைகள் டிவி முன்னால். கீழே ஓடும் வரியில் கடலூர் மாவட்டப் பெயர் வருகிறதா என்று பார்க்க. வந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை. சின்னவன் எழுந்து ஒரு சுற்று ஆடிவிட்டு மறுபடி போர்வைக்குள் போனான். அடுத்த வரியில் கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு. ஒன்று என்றால் எங்கோ தூரத்தில், கடலில். மூன்று என்றால் பலத்த காற்று நம் பக்கம் வரலாம். பதினொன்று வரை இருக்கிறது என்றார் மாமா. "பதினொண்ணு வந்தா?" என்றேன். "வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம். அப்புறம் நம்பர் பாத்து என்ன ஆவப்போவுது."

இன்றைக்கு எங்கும் போகவில்லை. இந்த நாளைப் பற்றி உண்மையாக எழுதிவிடுகிறேன். பிடிக்கவில்லை.

காலை பதினோரு மணிக்கு, சாயங்காலம் ஆறரை மாதிரி ஒரு வெளிச்சம். டியூப்லைட் போட்டால் வீடு இன்னும் இருட்டாகத் தெரிகிறது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, நடந்தால் முகத்தில் ஈரப் பாவாடை இடிக்கிறது. மூன்றாம் நாளாகக் காயாத துண்டில் ஒரு நாற்றம், அது தலைமுடிக்கும் ஏறிவிட்டது. அக்கா சாம்பிராணி போட்டுக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் சின்னவனின் பனியனைக் காய வைத்தாள். பெரியவளின் சீருடையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே காய வைக்கிறார்கள், கரண்ட் இருக்கும்போது. தோல் பர்ஸில் பூஞ்சணம். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கிறது. பாத்ரூமில் மரவட்டை, சமையல்கட்டில் ஈசல் இறகு, கொல்லையில் விறகு அடுக்குக்குள் ஒரு சாரை. மத்தியானம் ஒருமுறை கரண்ட் போய் நாலு மணிக்கு வந்தது. நாலரைக்குத் திரும்பப் போனது.

மழையின் சத்தமே மாறவில்லை என்பதுதான் கொடுமை. வலுத்தால் பயப்படலாம், நின்றால் வெளியே போகலாம். இது இரண்டும் இல்லாமல் நசநச என்று, கேட்க ஆள் இல்லாத வீட்டில் ஓடும் ரேடியோ மாதிரி. எனக்கே எரிச்சல் வந்து, "இதுல எப்படித்தான் இருக்கீங்களோ" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "உனக்கு அஞ்சு நாளுடி" என்றாள்.

கூடத்துச் சுவரில், கதவுத் தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே, பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. அதற்குக் கீழே சுண்ணாம்பு உப்பிப் பொருக்குப் பொருக்காக இருக்கும், மேலே வழவழப்பு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தண்ணீர் நின்ற கோடு. நான் அந்த வருஷம் கிளம்பவே இல்லை, ரயில் ரத்து. போனிலும் அக்கா அதிகம் பேசவில்லை. இன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னாள்.

"மழை விட்டுருச்சு. அதான் ஏமாந்தோம். துணியெல்லாம் காயப் போட்டேன்." புயல் கரை கடந்து, மழை வெளிவாங்கிய பிறகுதான் ஆறு வந்தது. மேலே திருவண்ணாமலைப் பக்கம் பெய்த பேய் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்ட தண்ணீர். கரை இரண்டையும் விட்டு ஊருக்குள் ஏறியது. ரேஷன் கார்டு, பட்டா, பெரியவளின் புத்தகப் பை, ஒரு ஆடு. எதிர் மாடி வீட்டு மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி, பதினாலு பேர். அரிசி டிரம்மைத் தூக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது அது கூடத்தின் நடுவில் மூடியோடு மிதந்து வந்து உட்கார்ந்திருந்ததாம், உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லாமல்.

"தீப்பெட்டியும் காஞ்சே இருந்துச்சு. அதுல ஒரு குச்சி கிழிச்சுத்தான் அன்னிக்கு எல்லாருக்கும் டீ வெச்சோம்."

நான் ஒன்றும் பேசவில்லை. பத்து நாள் கழித்து வந்த கார்த்திகை தீபத்துக்கு அந்தத் தெருவில் யாரும் விளக்கு வைக்கவில்லை, வீட்டுக்குள் அப்போதும் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள் என்றாள்.

மாமாவின் ஒன்றரை ஏக்கரில் பாதியில் மணல் ஏறிவிட்டது, பாதியில் வண்டல். வண்டல் பாதியில் அடுத்த பட்டத்துக் கத்தரி கிளை ஒடியக் காய்த்தது. மணல் பாதி இன்னும் சீராகவில்லை. இரண்டும் ஒரே தண்ணீர் கொண்டுவந்ததுதான். அவர் அதைச் சொல்லும்போது குறைப்படுகிறாரா, கணக்குச் சொல்கிறாரா என்று தெரியாது.

"சாத்தூருக்கே வந்துடுங்களேன்" என்றேன், பேச்சுக்கு. அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "அங்க வந்தா நாலு நாளைக்கு மேல முடியலடி. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வேலிக்காத்தான். மூக்கு காஞ்சி ரத்தம் வருது." நாங்கள் சீமைக்கருவேலம் என்போம். வேலிக்காத்தான் இந்தப் பக்கத்துச் சொல். அவள் எப்போது மாறினாள் என்று நான் கவனிக்கவில்லை.

நாலாம் நாள், செவ்வாய்

காலையில் வானம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பிச்சாவரத்துக்குப் போகலாம் என்று இருந்தேன், படகு விடவில்லை என்று தகவல். சுரபுன்னைக் காட்டை அடைமழையில் பார்க்கும் ஆசை இன்னொரு வருஷத்துக்குத் தள்ளிப் போனது. பதிலுக்கு மாமா, "வடலூர் போயி சாப்ட்டு, அப்படியே வீராணம் பாத்துட்டு வந்துரலாம்" என்றார். தம்பி முறை ஒருவரின் டாட்டா ஏஸில், முன்னால் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு.

வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அணையா அடுப்பு என்றே பெயர். பந்தியில் உட்கார்ந்து சோறும் சாம்பாரும் சாப்பிட்டேன். எனக்கு இடப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், வலப்பக்கம் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெரியவர். சாப்பிட்டு முடித்து அடுப்புப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். தீப்பெட்டி ஊர்க்காரிக்கு வேறென்ன பார்க்கத் தோன்றும்? இந்த ஊர் ஈரத்தில் ஒரு வேளை அடுப்பு பற்ற வைக்க அக்கா படும் பாட்டை நேற்று முழுக்கப் பார்த்தவள் நான். நூற்றைம்பது கார்த்திகைகளுக்கு மேல் இந்த நெருப்பு அணையாமல் இருக்கிறது என்றால், அத்தனை கார்த்திகையிலும் யாரோ ஒருவர் ராத்திரி எழுந்து விறகைத் திருப்பிப் போட்டிருக்கிறார். புண்ணியம் எல்லாம் இருக்கட்டும், விறகை எங்கே வைத்துக் காய வைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கூச்சத்தில் கேட்கவில்லை.

சேத்தியாத்தோப்பு தாண்டினால் சாலை ஏரிக்கரை மேல் ஏறிவிடும். வலப்பக்கம் வீராணம். இடப்பக்கம், சாலைக்கு வெகு கீழே, வயல். முதலில் எனக்கு அது ஏரி என்று படவில்லை, கடல் உள்ளே வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. எதிர்க்கரை இல்லை. சாம்பல் நிறத் தண்ணீர் சாம்பல் நிற வானத்தோடு தையல் தெரியாமல் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு பரிசல், அதில் ஒருவர், அவ்வளவுதான்.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் ராஜாதித்தன் வெட்டியது, தகப்பன் பட்டப்பெயரால் வீரநாராயணன் ஏரி. ராஜாதித்தன் 949-ல் தக்கோலப் போரில் யானை மேல் இருந்தபடியே செத்துப்போனான். ஏரி பதினாலு கிலோமீட்டர் நீளம், முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 47.50 அடி. காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றில் வரும். மழைக்காலத்தில் அது போதாதென்று செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மேற்கிலிருந்து செந்தண்ணீரைக் கொண்டுவந்து தள்ளும். 2004-லிருந்து சென்னைக்கும் இங்கிருந்துதான் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் போகிறது. சென்னையில் குழாயைத் திறப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த வானம் தெரியும்!

மதகருகில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ஏரி நிரம்பிவிட்டதா என்று கேட்டேன். "நெறைய விட மாட்டாங்க இப்ப. மேல இன்னொரு மழை வந்தா எங்க வைக்கிறது? வெள்ளியங்கால் ஓடையில தெறந்து விட்டுட்டே இருப்பாங்க" என்றார். திறந்துவிட்டால் கீழே வயல் முழுகுமே என்றேன். "முழுகும். தெறக்கலன்னா கரை போயிடும்." தூண்டிலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். "மூணு நாள் தண்ணி நின்னா சம்பா தாங்கும். அஞ்சாம் நாள் வடியலன்னா அழுகிப் போயிடும். இன்னிக்கு ரெண்டு."

இடப்பக்கம் பார்த்தேன். நான் வண்டியிலிருந்து பார்த்து ஆகா என்று சொன்ன பச்சையில், பயிரின் நுனி நாலு விரல்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தூரத்தில் இருவர் மண்வெட்டியோடு வரப்பை வெட்டி வடிகால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே மொத்தமாக நாற்பது ஐம்பது வெள்ளைக் கொக்கு. இவ்வளவு அழகான ஒன்றை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

திரும்பும்போது தூறல். ஊதக்காற்றில் பல் கிட்டியது. சேத்தியாத்தோப்பில் வாழைக்காய் பஜ்ஜி, ஆளுக்கு மூன்று.

ஐந்தாம் நாள், புதன்

இன்று தீபம்.

காலையில் தேவனாம்பட்டினம் வரை போய்வந்தேன். படகுகளைக் கரையில் வெகு தூரம் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். ஒரு வாரமாகக் கடலுக்குப் போகவில்லையாம். போட்ட கருவாடும் காயவில்லை, புழு வைத்துவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் பேசும் மனநிலையில் இல்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் சின்னவனுக்கு வேறொரு கவலை. மாவளி. எங்கள் பக்கம் கிடையாது, இங்கே வந்துதான் பார்த்தேன். ஆண் பனையின் பூவைக் காய வைத்து, குழியில் எரித்து மூடிக் கரியாக்கி, அந்தக் கரியைப் பொடித்துத் துணியில் திரி போலச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனை மட்டைக்கு நடுவில் வைத்துக் கயிறு கட்டுவார்கள். நுனியில் நெருப்பு வைத்துச் சுற்றினால் ஆளைச் சுற்றி வட்டமாகப் பொறி கொட்டும். ஆயா ஐப்பசி முடிவதற்குள்ளேயே கரி சுட்டு வைத்துவிட்டது. திரியும் கட்டியாயிற்று. ஆனால் ஈரம் இழுத்துக் கனத்துப் போயிருந்தது, அழுத்தினால் விரலில் கறுப்புச் சேறு.

"பத்தாது. போச்சு" என்று அழ ஆரம்பித்தான்.

இந்த இடத்தில்தான் என் ஊர்ப் படிப்பு கைகொடுத்தது. அடுப்பு மேல் வைத்தால் ஒரு பக்கம் பற்றிக்கொள்ளும், மறுபக்கம் ஈரம் அப்படியே இருக்கும். அம்மா மழை நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டிகளை எப்படிக் காய வைப்பாள் என்று யோசித்தேன். இட்லிப் பானையைக் காலியாகச் சூடேற்றி இறக்கி, உள்ளே தட்டில் திரியை வைத்து, மூடியைக் கொஞ்சம் சாய்த்து மூடினேன். பானை ஆறினால் மறுபடி. மத்தியானத்திலிருந்து ஆறு தடவை. ஆயா வந்து பார்த்துவிட்டு, "மாவளிய வேக வெக்கிற மொத ஆளு நீதான்" என்றது.

ஆறு மணிக்கு அகல் விளக்குகள். திண்ணையில் வைத்த ஏழும் சாரலில் அணைந்தன. திரும்ப ஏற்றினால் திரும்ப அணைந்தன. அக்கா பேசாமல் எல்லாவற்றையும் எடுத்து வாசல் நிலைக்கு உட்புறம், கூடத்துச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்தாள். அந்தப் பழுப்புக் கோட்டுக்குக் கீழே, பொருக்கு விட்ட சுவர் முழுக்க மஞ்சள் வெளிச்சம். கோயில் வாசலில் சொக்கப்பனைக்கு நட்ட பனை மரத்தையும் ஓலையையும் நீலத் தார்ப்பாயால் மூடி, மழை விடட்டும் என்று பூசாரி குடையோடு நின்றுகொண்டிருந்தார். ஏழரைக்கு விட்டது. தார்ப்பாயை இழுத்ததும் ஓலை முதலில் புகைந்தது, கண்ணெரிந்து எல்லாரும் பின்னால் வந்தோம். பிறகு ஒரே மூச்சில் எழுந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது தெருவில் கணுக்கால் தண்ணீர். அக்கா அரிசி டிரம்முக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுத்தாள், மேலெல்லாம் அரிசித் தூள். முதல் குச்சி வழுக்கியது. இரண்டாவது சீறி அணைந்தது. மூன்றாவது பற்றியது. அதைச் சூடத்தில் வைத்து, சூடத்தைத் திரி நுனியில் வைத்து, மாமா குனிந்து ஊதினார். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் துணியின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல நகர்ந்தது.

சின்னவன் கயிற்றைப் பிடித்துத் தெரு நடுவில் போய், முதலில் மெதுவாக, பிறகு வேகமாகச் சுற்றினான். பொறி வட்டமாகப் பறந்து தண்ணீரில் விழுந்து விழுந்து 'சுய்' என்றது. மேலே ஒரு வட்டம், கீழே தண்ணீரில் ஒரு வட்டம்.

இரண்டு துளி என் கையில் விழுந்தது. வானத்தைப் பார்த்தேன், மறுபடி பிடித்துக்கொள்ளப் போகிறது. அக்கா "உள்ள வாடா" என்று ஆரம்பித்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆயாவின் குரல்: "விடு அவன. இன்னும் ரெண்டு சுத்து சுத்திக்கட்டும்."